அஞ்சாம் ஊத்து

ஏழு ஊற்றுகளில் ஒன்று பொய் என்பது வால்வுக்காரருக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து யாரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டியைத் தவிர. அவளிடமும் சொல்லாமல்தான் இருந்திருப்பார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மனுஷன் தட்டையே வெறித்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா விடுவாள்? பிடுங்கிவிட்டாள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது. ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே, பள்ளத்தில், ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு கட்டடம். வாசலில் சீட்டு அறை. உள்ளே வரிசையாக ஏழு கல் தொட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் தண்ணீர் விழ ஒரு வாய், அதற்கு மேலே ஒரு பலகை. ஒன்றாம் ஊற்று தோலுக்கு. இரண்டு வயிற்றுக்கு. மூன்று இரும்புத் தண்ணீர், ரத்தத்துக்கு நல்லது, குடித்தால் ஆணியை நக்கியது போல இருக்கும். நாலு சளிக்கு. ஐந்து மூட்டுக்கு. ஆறு சோடாத் தண்ணீர், ஒரு டம்ளர் உள்ளே போனால் இரண்டு ஏப்பம் வெளியே வரும். ஏழாவது எதற்கு நல்லது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் அதில் பிள்ளைகள் குதித்து விளையாடும்.

கட்டடம் முழுக்கத் தீக்குச்சி கிழித்த வாசனை அடிக்கும். பழகாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைவார்கள், பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளி கறுத்துப்போகும். வெள்ளைத் துண்டு மூன்று மாசத்தில் மஞ்சளாகும். வால்வுக்காரரின் வீட்டில் வெள்ளைச் சட்டை என்ற பேச்சே கிடையாது.

கட்டடமும் அவர் குடியிருக்கும் வீடும் சர்க்காருடையவை. அவருடைய வேலை தரைக்குக் கீழே. ஐந்தாம் தொட்டிக்குப் பக்கத்தில் பதினோரு கல் படி இறங்கினால் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சுரங்கம். அதில் ஏழு வால்வுகள். காலை ஆறு மணிக்கு இறங்கி ஒவ்வொன்றாகத் திறப்பார். பிறகு மேலே வந்து தொட்டி தொட்டியாக முழங்கையை விட்டுப் பார்ப்பார். சூடு அதிகமென்றால் ஆற்றுத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திருப்பிவிடுவார். திங்கட்கிழமை கட்டடத்துக்கு விடுமுறை, அவருக்குத்தான் இடுப்பு ஒடியும். குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி பொருக்கு ஏறியிருக்கும். அதை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாசத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சீட்டு அறையில் அவருடைய அக்கா. ஊரே அவளை 'சீட்டு அக்கா' என்றுதான் கூப்பிடும். ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாய்க்குப் பூட்டு கிடையாது. நடக்கும்போது இடது காலை லேசாகத் தாங்கித் தாங்கி வைப்பாள். பதினேழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கால் இரண்டும் போய், இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தவள் அவள். அந்தக் கட்டிலை அப்பா ஐந்தாம் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தார். அப்போது அப்பாதான் வால்வுக்காரர். தினமும் காலையும் மாலையும் மகளைத் தூக்கி அந்தத் தண்ணீரில் உட்கார வைப்பார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளம் வந்து பாலம் இடிந்தது. தம்பியும் அம்மாவும் அக்கரையில் மாமா வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஓடத்தில் திரும்பி வந்தபோது, கரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு! தம்பிக்கு அப்போது பதினாலு வயது. ஓடத்திலிருந்து தண்ணீரில் குதித்து ஓடியது இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் ஐந்தாம் ஊற்றுக்கு வந்த கூட்டம் கொஞ்ச நஞ்சமா? வால்வுக்காரரின் மகளே எழுந்து நடந்துவிட்டாள் என்று பேச்சு பரவி, வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டடத்துக்குப் புதுக் கூரை போட்டது அந்தக் கூட்டத்தால்தான். இன்றைக்கும் சீட்டு அறையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாராவது முட்டியைத் தடவிக்கொண்டு நின்றால் போதும், அக்கா தொடங்கிவிடுவாள்.

"அஞ்சாம் ஊத்துக்குத்தானே? போங்க. அந்தக் கல்லுப் படிய நல்லாப் பாத்துட்டுப் போங்க. அது பக்கத்துலதான் ரெண்டு வருஷம் கட்டில்ல கிடந்தேன். அங்கயேதான் எந்திரிச்சேன். வெள்ளி கிள்ளி போட்டிருந்தா கழட்டிடுங்க. கறுத்துப்போச்சுன்னு அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது, சொல்லிட்டேன்."

இப்போது அந்தப் பொய்க்கு வருவோம்.

அப்பா இறந்து வால்வு கைக்கு வந்த முதல் வருஷம். சுரங்கத்தில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்தது. பலகைக் கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு இரும்புக் குழாய் ஓடியது. அது எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய். தடவிக்கொண்டே போனார். ஒரு முனை இரண்டாம் ஊற்றின் உபரித் தண்ணீரில் இருந்தது. மறுமுனை ஐந்தாம் ஊற்றின் வாய்க்குப் பின்னால் முடிந்தது. ஐந்தாம் ஊற்றின் சொந்த ஊற்றுக்கண் கீழே வண்டலால் இறுகிக் கிடந்தது. கடப்பாரையை விட்டுப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. வெள்ளத்தில் அடைபட்டது அப்புறம் திறக்கவே இல்லை.

ஆக, வயிற்றுக்கென்று இரண்டாம் தொட்டியில் விழுவதும் மூட்டுக்கென்று ஐந்தாம் தொட்டியில் விழுவதும் ஒரே தண்ணீர். அறுபது அடி குழாயில் வருவதால் ஐந்தில் சூடு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரியாமல் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாரா வாரம் வந்து இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்து, "ரெண்டு காரம், அஞ்சு பதம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். வால்வுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

வாத்தியாரை விடுங்கள், கூட்டத்தையும் விடுங்கள். வால்வுக்காரருக்குக் கவலை வேறு. அக்கா நடந்தது வெள்ளத்துக்குப் பிறகு. ஊற்று செத்தது வெள்ளத்தில். அப்படியென்றால் எந்தத் தண்ணீரை நம்பி அவள் எழுந்தாளோ அந்தத் தண்ணீர் அங்கே இல்லை. மருத்துவர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தார், காலில் இப்போது கோளாறு எதுவும் இல்லை, மனசுதான் வர வேண்டும் என்று. மனசு வந்தது ஐந்தாம் ஊற்றால். அந்த ஊற்றே இல்லை என்று தெரிந்தால் அந்தக் கால் நிற்குமா?

"சொல்லித் தொலைச்சீங்க, அண்ணி அன்னைக்கே போய்க் கட்டில்ல படுத்துக்கும்," என்றாள் பெண்டாட்டி, அன்றைக்குத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து. "மாமா சத்தமில்லாம செஞ்சுட்டுப் போயிருக்கார்னா அண்ணிக்காகத்தான் செஞ்சிருப்பார். நீங்களும் வாயைத் தைச்சுக்கிட்டு இருங்க."

தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஏதாவது எடுக்க அவள் படியில் கால் வைத்தால் போதும், எங்கிருந்தாவது புருஷனோ பெண்டாட்டியோ ஓடி வந்துவிடுவார்கள். "அக்கா, வழுக்கும்." "அண்ணி, உங்க காலுக்கு இந்தப் படியெல்லாம் ஆகாது." அக்கா முறைப்பாள், "என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பண்றீங்க ரெண்டு பேரும்" என்பாள். ஆனால் திரும்பிவிடுவாள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போன பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில், தோளில் ஒரு பையும் கையில் பாட்டில் பெட்டியுமாக ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். அருங்காட்சியகத்திலிருந்து வருகிறாளாம். இந்த இடத்தின் வரலாற்றை எழுதிப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம், வாசலில் பெரிய பலகையும் வைக்கப் போகிறார்களாம். அக்கா அரை நிமிஷத்தில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"வா ஆராய்ச்சி, உள்ள வா. டீ குடிப்பியா? இந்தத் தண்ணியில போடலை, பயப்படாதே. வேற தண்ணி."

ஆராய்ச்சி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒன்றாம் ஊற்றின் வாயில் வலைப்பையைக் கட்டித் தொங்கவிட்டு அவித்த முட்டை நாலும் ரொட்டியும் வந்தன. முட்டை ஓட்டை உரித்தபடியே அவள் வரலாறு சொன்னாள். வால்வுக்காரர் கதவுக்குப் பக்கத்தில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"முதல்ல கண்டுபிடிச்சது ஒரு ஓடக்காரராம்க்கா. குளிர்காலத்துல இந்தக் கரையில மட்டும் ஆவி வருதுன்னு பாத்திருக்கார். கால்ல இருந்த புண்ண இங்க வந்து கழுவிட்டே இருந்திருக்கார். அப்புறம் ஒரு தோல் வியாபாரி, உடம்பெல்லாம் சிரங்கு. அவர்தான் முதல் தொட்டி கட்டினது."

"தோல் வியாபாரிக்கே தோல்ல வியாதியா? நல்லா வேணும்," என்றாள் அக்கா.

"அப்புறம் யுத்தம் வந்தப்போ இது ஆஸ்பத்திரி. அடிபட்ட சிப்பாய்ங்க இருநூறு பேர் இங்க கிடந்திருக்காங்க. அதுக்கப்புறம் ஆறாம் ஊத்துத் தண்ணிய பாட்டில்ல அடைச்சு விக்கிறதுக்கு ஒரு கம்பெனி வந்தது."

"தெரியுமே. மூடியெல்லாம் பட்டாசு மாதிரி வெடிச்சு ஓடிப்போனாங்க. எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"வெள்ளத்தைப் பத்தி நீங்கதான்க்கா சொல்லணும். நீங்க நடந்த கதை இந்த இடத்து வரலாறுலயே பெரிய கதை."

வால்வுக்காரர் காய்ந்த கையை மறுபடியும் துடைத்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது பெரிய கதை. இன்னொரு நாள் வா, சாவகாசமாச் சொல்றேன்," என்றாள்.

"சரிக்கா. இன்னைக்குத் தண்ணி மட்டும் எடுத்துட்டுப் போறேன். ஒவ்வொரு ஊத்துலயும் ஒரு பாட்டில். எதுல என்ன தாது இருக்குன்னு பாத்து, புத்தகத்துல தனித்தனியா போடணும்."

இங்கேதான் வால்வுக்காரர் அந்தக் கோளாறான வேலையைச் செய்தார். சும்மா விட்டிருந்தால் இரண்டும் ஐந்தும் ஒன்று என்று ஆய்வகத்தில் எவனாவது எழுதியிருப்பான், அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே நிதானமாக வேலை செய்கிறது? "மேடம், கீழ வழுக்கும். நீங்க உட்காருங்க, நானே பிடிச்சுத் தர்றேன்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னாலேயே கைவிளக்கோடு பெண்டாட்டி வந்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"அஞ்சுல வேற தண்ணி ஊத்திடப் போறேன்."

"வேற தண்ணிக்கு எங்க போவீங்க? மூணை ஊத்தினா மூணுன்னு சொல்லிடுவான். ஆறை ஊத்தினா ஆறுன்னு சொல்லிடுவான்."

வால்வுக்காரர் யோசித்தார். யோசித்தார் என்றால் மூக்கைச் சொறிந்தார். "மூணுல பாதி, ஆறுல பாதி."

"ஐயோ, சமையலா இது?"

"நீ விளக்கை நேராப் பிடி."

மூன்றாம் வால்விலிருந்து அரை பாட்டில், ஆறாம் வால்விலிருந்து அரை பாட்டில். விளக்கில் தூக்கிப் பார்த்தால் டீத்தண்ணீர் மாதிரி செம்பட்டையாக இருந்தது, போதாததற்குக் குமிழ் வேறு விட்டது. "மூணைக் கொஞ்சம் கொட்டிட்டு ஆறைக் கூட ஊத்துங்க," என்றாள் பெண்டாட்டி. அவளும் சமையலில் இறங்கிவிட்டாள் பாருங்கள். மூன்று தடவை கொட்டி ஊற்றி ஒரு நிறத்துக்குக் கொண்டு வந்து மூடியைத் திருகினார்கள். ஏழு பாட்டிலையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கி மேலே கொண்டு வந்தபோது, ஆராய்ச்சி அவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் மழை. குளிக்க வந்தவர்கள் எல்லாரும் தொட்டியிலேயே இருந்தார்கள், மேலே நனைவதைவிட அது மேல் என்று. சீட்டு அறையில் அக்கா ஈரக் காசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்டாட்டி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது குடையை மடக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஆராய்ச்சி உள்ளே ஓடி வந்தாள்.

"அண்ணே எங்க? அண்ணனக் கூப்பிடுங்க! அக்கா, உங்க அஞ்சாம் ஊத்து சாதாரணம் இல்லக்கா!"

வால்வுக்காரர் கையில் சாவியோடு வந்து நின்றார்.

"இரும்பும் சோடாவும் இந்த அளவுல ஒரே தண்ணியில கலந்து வர்றத இதுவரைக்கும் பாத்ததே இல்லேன்னு ஆய்வகத்துல சொல்றாங்கண்ணே. அறுபது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த அளவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வெள்ளத்துல பூமிக்குள்ள என்னமோ மாறியிருக்கு. அக்கா நடந்தது அதனாலதான்னு நினைக்கிறாங்க! மேலதிகாரிங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. வர்ற திங்கட்கிழமை மூணு நிபுணர்கள் வர்றாங்க. அஞ்சாம் வாயைப் பெயர்த்து, கீழ ஊத்துக்கண்ணு வரைக்கும் தோண்டிப் பாக்கப் போறாங்க."

பெண்டாட்டியின் கையில் இருந்த துண்டு மடிப்பு கலைந்து விழுந்தது. வால்வுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். தோண்டினால் குழாய். குழாய் தெரிந்தால் ஊர் முழுக்கத் தெரியும். அக்காவுக்கு அது ஊர் வாயிலிருந்து வரும், சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டு. அதைவிட இப்போதே தன் வாயால் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"நீ அக்காவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ," என்றார் பெண்டாட்டியிடம்.

"எதுக்கு?" என்றாள் அக்கா. "என் சீட்டு அறையிலேருந்து என்னைய யாரு போகச் சொல்றது?"

"அக்கா, சொன்னாக் கேளு."

"மாட்டேன். நீ ஏன்டா இப்படி வேர்க்கிறே? மழை பெய்யுது, இவன் குளிச்ச மாதிரி நிக்கிறான்."

"சரி, அப்ப உட்காரு. உட்கார்ந்துக்கோ முதல்ல."

"உட்கார்ந்துதான்டா இருக்கேன்."

அதுவும் உண்மைதான். அவர் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். ஆராய்ச்சியைப் பார்த்தே பேசினார், அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், அந்த பாட்டில்ல இருந்தது அஞ்சாம் ஊத்துத் தண்ணி இல்ல. மூணும் ஆறும் கலந்து நான் ஊத்தினது. நான்தான், இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நான்தான் விளக்குப் பிடிச்சேன்," என்றாள் பெண்டாட்டி. "ஆறைக் கூட ஊத்தச் சொன்னதும் நான்தான்."

"சும்மா இரு. மேடம், அஞ்சாம் ஊத்துன்னு ஒண்ணு இல்ல. வெள்ளத்தோட அது போயிடுச்சு. அங்க விழுறது ரெண்டாம் ஊத்துத் தண்ணி. எங்கப்பா பைப் போட்டிருக்கார். எனக்கே அவர் செத்த பிறகுதான் தெரியும். இருபத்திரண்டு வருஷமா தெரிஞ்சும் சொல்லலை. என்னை என்ன வேணா பண்ணுங்க, வேலைய விட்டு அனுப்புங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க. ஆனா எங்கக்கா..." நாற்பத்தெட்டு வயது ஆள், உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். "அக்கா, நீ நடக்குறது நிஜம்க்கா. தண்ணி எதுவா இருந்தா என்ன? நீ நடக்குறே இல்ல? எந்திரிச்சு நில்லுக்கா. எனக்காக ஒரு தடவ எந்திரிச்சு நின்னு காட்டிடு."

ஆராய்ச்சி குடையைப் பிடித்தபடியே நின்றாள். அதிலிருந்து தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. உள்ளே ஏழாம் தொட்டியில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

அக்கா கடைசிக் காசையும் துடைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"மூணையும் ஆறையும் போய்க் கலந்தியே, அறிவு இருக்காடா உனக்கு? ரெண்டாம் ஊத்துல ஆத்துத் தண்ணிய விட்டு நீர்க்க வெச்சிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

வால்வுக்காரர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"என்ன முழிக்கிறே? அந்தப் பைப்பு அப்பா மட்டும் போட்டதுன்னா நினைச்சே? அறுபதடி இரும்புப் பைப்ப ஒத்தை ஆள் போட முடியுமா? பொருக்குத் தட்டுறியே வாரா வாரம், இதுகூடத் தோணலையா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர். "அப்ப ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டார். 'சின்னவன் வயித்துல பொய் தங்காது, நேரா ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்து நிப்பான், அப்புறம் நம்ம எல்லாரும் தெருவுல நிக்கணும்'னார். அப்பா போன பிறகு சொல்லலாம்னுதான் நினைச்சேன். ஆனா நீ ஒரு பாவமும் தெரியாம காலைல வந்து முழங்கைய விட்டு விட்டுப் பாத்துட்டு இருந்தே. எதுக்கு உன் நிம்மதியக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். கடைசியில பாத்தா நீ என் நிம்மதிக்குக் காவல் காத்திருக்கே."

"அப்ப நாங்க உன்ன கீழ இறங்க விடாம..."

"என் காலுக்காகன்னுல்ல நினைச்சேன்! ரெண்டு பேரும் என்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்குறீங்கன்னு எவ்வளவு பேர்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

பெண்டாட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஆராய்ச்சி மெல்ல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் இத எழுதியாகணும்," என்றாள். "மறைக்க முடியாது. ஏழுன்னு இருக்குற பலகை ஆறுன்னு மாறும். மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியலை. அண்ணே பாட்டில் மாத்தினதுக்கு நல்லாத் திட்டு விழும். எனக்கும் விழும். நான்தானே பிடிக்கச் சொன்னேன்."

"எழுதும்மா. எனக்கும் வயசாச்சு, இனிமேலும் எதுக்கு? ஆனா ஒண்ணு எழுதிக்கோ. தண்ணியாலதான் நடந்தேன்னு நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் படிகிட்ட எந்திரிச்சேன்னுதான் சொல்லியிருக்கேன். மத்ததெல்லாம் சனங்களா சேத்துக்கிட்டது."

அக்கா எழுந்தாள். கைவிளக்கை ஆணியிலிருந்து எடுத்தாள். "வா, காட்டுறேன். டேய், இப்ப வழுக்கும் கிழுக்கும்னே, அந்தச் சாவிக்கொத்தாலயே போடுவேன்."

பதினோரு படி. அக்கா முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் ஆராய்ச்சி, அவளுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும். பழக்க தோஷத்தில் வால்வுக்காரரின் கை தானாக முன்னால் நீண்டது. அவர் அதை இழுத்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் வெக்கையும் தீக்குச்சி வாசனையுமாக இருந்தது. அக்கா சுவரைத் தடவிக்கொண்டே போய் ஐந்தாம் வாய்க்குக் கீழே நின்றாள். பலகைக் கல்லை அவரே பெயர்த்துக் கொடுத்தார். உள்ளே குழாய் வெள்ளைப் பொருக்கு ஏறிப் பருத்துக் கிடந்தது.

"வெள்ளம் வடிஞ்ச மறுநாள்," என்றாள் அக்கா. "அஞ்சுல சேறு வந்தது, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. அப்பா ரெண்டு நாள் கடப்பாரையப் போட்டுக் குத்தினார். ஒண்ணும் வரலை. அஞ்சு இல்லேன்னா இந்த இடத்த மூடிடுவாங்க, முட்டி வலிக்காரங்கதானே பாதிக் கூட்டம். உதவிக்கு ஆள் இல்ல, பாலம் இல்ல. பழைய பைப்புகளத் தேடி எடுத்து ஒண்ணொண்ணா மரையில திருகி மாட்டிட்டே வந்தார். கடைசிப் பைப்புதான் வம்பு பண்ணுச்சு. இந்தப் பக்கம் தூக்கிப் பிடிச்சாத்தான் அந்தப் பக்கம் திருக முடியும். கயித்தைக் கட்டிப் பாத்தார், கல்லை அடுக்கிப் பாத்தார். ஒவ்வொரு தடவையும் சரிஞ்சு விழுந்துச்சு. நான் மேல கட்டில்லேருந்து எல்லாத்தையும் கேட்டுட்டே இருக்கேன். பத்தாவது தடவ விழுந்ததும் சத்தமே காணோம். படி வழியா எட்டிப் பாத்தா அப்பா தண்ணிக்குள்ள உட்கார்ந்து அழுதுட்டு இருக்கார். எங்கப்பா அழுது நான் அதுவரைக்கும் பாத்ததில்லம்மா."

"அப்புறம்?" என்றாள் ஆராய்ச்சி.

"அப்புறம் என்ன? கட்டில்லேருந்து விழுந்தேன். இந்தப் பதினோரு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவர் கண்ணைத் துடைச்சுட்டு அந்தப் பக்கம் போய் மறுபடியும் மரையில பைப்ப வெச்சுத் திருகிட்டு இருந்தார், என்னைப் பாக்கலை. இந்த முனை சரிய ஆரம்பிச்சுது. பிடிக்கணும்னா நிக்கணும். வேற வழியே இல்ல. சுவத்தைப் பிடிச்சேன், எந்திரிச்சேன், இப்படித் தோள்ல தாங்கினேன்."

சொல்லிக்கொண்டே அவள் குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்து நின்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் ஆள் பருத்துவிட்டாள், குழாயும் பருத்துவிட்டது, கொஞ்சம் நெருக்கித்தான் நிற்க வேண்டியிருந்தது. வால்வுக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தன் அக்காவின் கால்களையே பார்த்தார். இரண்டும் ஈரத்தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன.

"அப்பா உங்களப் பாத்ததும் என்னக்கா சொன்னார்?" என்றாள் ஆராய்ச்சி. நோட்டு கையில் திறந்தபடி இருந்தது, ஒரு வரியும் எழுதவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சுப் பெத்த பொண்ணு எந்திரிச்சு நிக்குறா. நிமிர்ந்து பாத்தார். வாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் சொன்னார், 'ஆடாம பிடிடி, இன்னும் மரை ஏறலை!'"